மஞ்சப்பைக்கு உள்ள மரியாதை

கோயம்பேடு சந்தையில் ஓர் இயந்திரம் வைத்தார்கள். பத்து ரூபாய் போட்டால் ஒரு மஞ்சப்பை தரும். 2021 டிசம்பரில் முதலமைச்சரே தொடங்கிவைத்த 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தின் வரவு அது. பை என்பது ஒருமுறை தூக்கிவிட்டுக் குப்பையில் எறிகிற சாமான் இல்லை. துவைக்கலாம், கிழிந்தால் தைக்கலாம், பல வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்று நமக்குப் புத்தி சொன்னார்கள். நல்ல புத்தி. நானும் நாலு பை வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

அதே ஊரில் இன்னொரு பை இருக்கிறது. தலைகீழாகப் பிடித்த சின்னக் கொய்யாக்காய் அளவு. எடை அறுபது, எழுபது கிராம். மூன்று கிலோ பிள்ளையைப் பத்து மாதம் சுமந்து, பெற்றுப் போட்ட ஆறு வாரத்தில் ஏறக்குறையப் பழைய அளவுக்குச் சுருங்கிக்கொள்ளத் தெரிந்த பை. அதற்கு இயக்கம் கிடையாது, சுவரொட்டி கிடையாது, மேடை கிடையாது. அதற்கு இருப்பதெல்லாம் ஒரே ஒரு கேள்வி: "அதான் ரெண்டு பிள்ளை பெத்தாச்சுல்ல, இனி எதுக்கு அந்தப் பை?"

மாமியார் கேட்டுப் பார்த்திருக்கிறேன். நாத்தனார் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டியவரே கேட்டும் பார்த்திருக்கிறேன். ரெண்டு பிள்ளை பெற்றாச்சு, இனி எதுக்கு என்று ஆண்பிள்ளையின் எந்த உறுப்பைப் பார்த்தும் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டுத்தான் பாருங்களேன். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டிலுள்ள தம்பதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு மனைவி படுத்தது 38 சதவீதம். கணவன் படுத்தது 0.3. அந்த 0.3 பேருக்குச் சிலை வைக்க வேண்டும். மற்றவர்கள் இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறாள். தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறாள். 'வேலை பார்க்கிறாள்' என்று எழுதவில்லை, நிற்கிறாள். 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். இருக்கை வந்தது. இருக்கையின் மேல் புடவைக் கட்டு உட்கார்ந்தது. அக்கா நிற்கிறாள்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, 28 வயதில் அவளுக்கு ஆரம்பித்தது. மாசாமாசம் எட்டு நாள், ஒன்பது நாள். கட்டி கட்டியாகப் போகும். ஒரு நாப்கின் ஒன்றரை மணி நேரம் தாங்கினால் அன்றைக்கு அதிர்ஷ்டம். கறுப்புப் பாவாடைகளாகவே வாங்கி வைத்திருந்தாள். தீபாவளிக்கு முந்தைய வாரம் கூட்டம் அள்ளும்போது சூப்பர்வைசரிடம் பாத்ரூம் போகக் கேட்டால், "இப்பதானேம்மா போயிட்டு வந்தே?" என்பார். சூப்பர்வைசருக்கு அவள் எத்தனை முறை பாத்ரூம் போனாள் என்ற கணக்கு துல்லியமாகத் தெரியும். ஏன் போனாள் என்பது மட்டும் தெரியாது.

அம்மாவிடம் சொன்னாள். "எனக்கும் அப்படித்தான்டி இருந்துச்சு" என்றாள் அம்மா. ஏதோ குடும்ப நகையைக் கொடுப்பதுபோல். மாமியாரிடம் சொன்னாள். "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்மா" என்றாள் மாமியார். புருஷனிடம் சொன்னாள். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். இப்படிப் பத்து வருஷம்.

இந்த நோய்க்குச் சித்த மருத்துவம் வைத்த பெயர் பெரும்பாடு. பெயர் வைத்தவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். பெண் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறார். தமிழ் பைபிளிலும் இதே சொல்தான். பன்னிரண்டு வருஷம் உதிரம் போன ஒருத்தி, வைத்தியர் பலரிடம் போய், கையிருப்பையெல்லாம் செலவழித்து, குணமாகாமல் இன்னும் மோசமானாள் என்று மாற்கு எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய கேஸ் ஷீட். நேற்று எழுதினதுபோல் இருக்கிறது. ஒரே வித்தியாசம், அவளிடம் காப்பீட்டு அட்டை இல்லை. இருந்திருந்தால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் இயேசுவின் அங்கி ஓரத்தைத் தொடுகிறவரைக்கும் அவள் கர்ப்பப்பை உள்ளே இருந்திருக்காது.

ரத்தம் அதிகம் போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மூன்றே மூன்று கேள்வி போதும். ஒரு நாப்கின் ஒரு மணி, இரண்டு மணிக்குள் நனைகிறதா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா? இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா என்பதையும் சேர்த்தால் நாலு. எல்.கே.ஜி. சேர்க்கைக்கு இதைவிட அதிகமாகக் கேட்கிறார்கள். பத்து வருஷத்தில் அக்காவிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அரிசி தின்ன ஆரம்பித்தாள். அரிசி களையும்போது ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்றைக்கு மழை வரும் என்று சொல்லிச் சிரித்தார்கள். உனக்குத்தான் கல்யாணமே முடிஞ்சுபோச்சே, யாருக்கு மழை என்றார்கள். உடம்பில் இரும்புச்சத்து தரைதட்டிப் போனவர்களுக்கு அரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி என்று கண்டதன் மேலும் ஆசை வரும் என்பது மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. நம் சமையலறையிலோ அது நகைச்சுவைப் பகுதியில் இருக்கிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "வெயிட் போட்டுட்டே" என்றார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், ரத்தசோகைக்காரிகள் என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. எல்லாருமே முருங்கைக்கீரை சாப்பிடாமல்தான் இப்படி ஆகிவிட்டார்களாம். உள்ளே போகிற கீரையைப் பற்றி ஊரே பேசுகிறது. வெளியே போகிற ரத்தத்தைப் பற்றி மூச்.

அந்த ரத்தத்தை ஒருவர் மட்டும் கவனித்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வரி போடுகிறவர். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது குங்குமத்துக்கு வரியில்லை, வளையலுக்கு வரியில்லை, நாப்கினுக்கு 12 சதவீதம். சுமங்கலிக்குச் சலுகை, உதிரத்துக்கு அபராதம். ஒரு வருஷம் கத்திய பிறகு, 2018 ஜூலையில் எடுத்தார்கள். இன்னொருவரும் கவனித்தார்: ஆலை முதலாளி. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் பேசிச் செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் வேலை கெடாமலிருக்கக் கையில் ஒரு மாத்திரை வைப்பார்களாம். அதன் பெயர் என்ன, பின்விளைவு என்ன என்று சொல்ல மாட்டார்களாம். கர்ப்பப்பைக்கு வலி வரலாம். தையல் மெஷினுக்கு லீவு வரக் கூடாது.

சரி, பத்து வருஷம் காது கேட்காதவர்களுக்குத் திடீரென்று ஒருநாள் காது கேட்டது. அக்கா கடையிலேயே மயங்கி விழுந்தாள். வாடிக்கையாளர் முன்னால் விழுந்துவிட்டதால் நிர்வாகத்துக்கு அக்கறை வந்தது. தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். ஹீமோகுளோபின் 7.4. பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது. ஸ்கேன் எடுத்தார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட் என்பது இந்தக் காலத்து ஜாதகம். எழுதியவருக்கும் படிப்பவருக்கும் தவிர யாருக்கும் புரியாது; படிப்பவர் சொல்வதுதான் பலன். 'பல்க்கி யூட்ரஸ்' என்று முதல் வரி. கர்ப்பப்பை கொஞ்சம் பருத்திருக்கிறதாம். அடுத்த வரியில் இரண்டு ஃபைப்ராய்டு, பெரியது 2.8 சென்டிமீட்டர். நெல்லிக்காய் அளவு. அதைப் பார்த்துவிட்டு மேடம் சொன்னது நாலு வாக்கியம்.

"இங்க பாரும்மா, கட்டி இருக்கு. விட்டா கேன்சரா மாறிடும். குழந்தைதான் ரெண்டு இருக்குல்ல? எடுத்துடலாம்."

ஐந்தாவதாக ஒரு வாக்கியமும் உண்டு. கேட்டது மேடம் இல்லை, வெளியே மேசையில் உட்கார்ந்திருந்த பையன். "கார்டு இருக்கா?" அந்தக் காலத்தில் வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். இப்போது கார்டைப் பிடித்துப் பார்க்கிறார்கள்.

பத்து வருஷம் பொறுத்தவளுக்குப் பத்து நிமிஷத்தில் தீர்ப்பு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நடுவில் எதுவும் இல்லையா? 'இருக்கும், போ' என்பதற்கும் 'அறுத்துடலாம், வா' என்பதற்கும் இடையில் மருத்துவம் என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போயிற்று?

அந்த நாலு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். கட்டி இருக்கிறதாம். இருக்கட்டும். ஃபைப்ராய்டு என்பது கர்ப்பப்பையின் தசையிலிருந்தே முளைக்கும் நார்க்கட்டி. பெண்ணுக்கு ஊறும் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரான் என்ற இரண்டு ஹார்மோன்களை உண்டு வளரும். மாதவிடாய் நின்றுபோனால் தீனியில்லாமல் சுருங்கும். அமெரிக்காவில் ஊர்ப்பட்ட பெண்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், ஐம்பது வயதுக்குள் வெள்ளைக்காரிகளில் 70 சதவீதம் பேருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கும் இந்தக் கட்டி இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஒரு தொந்தரவும் செய்யாது. கட்டி இருக்கிறது என்பதற்காகவே எடுப்பதென்றால், பாதி உலகத்தைப் படுக்கவைக்க வேண்டும். சில மருத்துவமனைகளுக்கு அதிலும் ஆட்சேபம் இருக்காது.

கேன்சராக மாறிவிடுமாம். இது மருத்துவம் இல்லை, வியாபாரம். நார்க்கட்டி புற்றுநோயல்ல, புற்றுநோயாக மாறுவதென்பது அரிதிலும் அரிது. கட்டி என்று நினைத்து ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் சில நூறு பேருக்கு ஒருவருக்கு உள்ளே சார்கோமா என்ற புற்று ஒளிந்திருக்கக் கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை கணித்திருக்கிறது. அதற்கும் அடையாளங்கள் உண்டு: மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்வது, நின்ற பிறகு மறுபடி ரத்தம் படுவது. அப்படியென்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் ஓட வேண்டும். 45 வயதைத் தாண்டியவளுக்கு இப்படி உதிரம் போனால் கர்ப்பப்பையின் உள்தோலில் துளி எடுத்துப் பரிசோதிக்கவும் வேண்டும். இதையெல்லாம் செய்யாமல், 38 வயதுக்காரியிடம் 'கேன்சர்' என்ற ஒரு சொல்லை எறிந்தால் போதும். கல்லெறிந்த குளம்போல் குடும்பமே கலங்கிவிடும். புருஷன் டிவியை அணைத்துவிடுவார். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்பார்.

இன்னொன்றையும் யாரும் யோசிக்கவில்லை. அவளுக்கு ரத்தம் போனது அந்த நெல்லிக்காயால்தானா? கட்டி உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருந்தால் சின்னதாக இருந்தாலும் உதிரம் கொட்டும். வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் எலுமிச்சை அளவு இருந்தாலும் உதிரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. வயிற்றில் பாரம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல் என்று வேறு வழியில் தொல்லை தரும். ஆக, எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. தைராய்டு சரியில்லாவிட்டாலும் கொட்டும். ரத்தம் உறையும் தன்மை குறைந்திருந்தாலும் கொட்டும். உள்தோல் தசைக்குள் புகுந்து வளர்ந்தாலும் கொட்டும். அக்காவுக்கு இவற்றில் ஒன்றுக்கும் பரிசோதனை இல்லை. திருட்டுப் போன தெருவில் முதலில் கண்ணில் பட்டவனைக் கட்டிவைத்து அடிக்கிற நியாயம்தான். என்ன, இங்கே கட்டிவைத்தவனோடு அவன் குடியிருந்த வீட்டையும் இடித்துவிடுகிறார்கள்.

நெடுஞ்சாலையோர ஹோட்டலில் பஸ் நின்றால், சர்வர் வந்து மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்: இட்லி, வடை, பொங்கல், பூரி, சாதா, மசாலா, ஆனியன், ரவா. நாப்பது ரூபாய் டிபனுக்கு அந்த மரியாதை இருக்கிறது. தன் உடம்பிலிருந்து ஓர் உறுப்பைக் கொடுக்கப்போகிறவளுக்கு வேறென்ன இருக்கிறது என்று ஒப்பிக்க ஆளில்லை. ஆகவே சர்வர் வேலையை நானே பார்க்கிறேன். என்னிடமிருந்து எதுவும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். உங்கள் டாக்டரிடம் இந்தப் பெயர்களைச் சொல்லி, எனக்கு எது பொருந்தும், எது பொருந்தாது, ஏன் என்று கேளுங்கள்.

தொந்தரவே இல்லையா? சும்மா இருப்பதும் ஒரு வைத்தியம்தான். அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். உதிரம்தான் தொல்லையா? டிரானெக்ஸாமிக் அமிலம் என்று ஒரு மாத்திரை, உதிரம் போகும் நாட்களில் மட்டும் போட்டுக்கொள்வது. ஹார்மோன் இல்லை. ஜப்பானில் உட்டாகோ ஒகாமோட்டோ என்ற பெண் விஞ்ஞானி கணவரோடு சேர்ந்து கண்டுபிடித்து 1962-ல் வெளியிட்டார். பிரசவத்தில் ரத்தம் கொட்டிப் பெண்கள் சாகக் கூடாது என்பதுதான் அவர் கவலை. அவருடைய கவலைக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அந்த மாத்திரை எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிறது. அக்காவின் சீட்டில் மட்டும் ஏறவில்லை. ரத்தக்குழாயில் அடைப்பு வந்தவர்களுக்கு ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிறகு, லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் காயில். கர்ப்பப்பைக்குள் வைத்துவிட்டால் ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்யும். உட்குழி ரொம்பக் கோணிப்போகாமல் இருந்தால் உதிரத்தை வெகுவாகக் குறைத்துவிடும். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற பொருள், ஏதோ பணக்கார வீட்டு ஆபரணமில்லை. இரும்புச்சத்து மாத்திரையாகவும் இருக்கிறது, நரம்பில் ஏற்றும் மருந்தாகவும் இருக்கிறது. கட்டியைச் சுருக்கச் சில மாதம் போடும் ஊசி இருக்கிறது. நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும், அதிக நாள் போட்டால் எலும்பு தேயும். ஆகவே ஆபரேஷனுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொள்ள மட்டும்.

கத்தியேதான் வேண்டுமென்றால் அதிலும் வகை உண்டு. குழிக்குள் துருத்தும் கட்டியை வயிற்றைக் கிழிக்காமலே, பிறப்புறுப்பு வழியாகக் குழாய் விட்டுச் சீவி எடுக்கலாம். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மயோமெக்டமி என்று, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைத் தைத்துவைக்கலாம். திரும்ப முளைக்கலாம் என்ற பயமும் கூடவே உண்டு. விக்டர் பானி என்ற ஆங்கிலேய அறுவை நிபுணர் போன நூற்றாண்டின் முதற்பாதியிலேயே இதற்காகச் சண்டை போட்டார்; கட்டிக்காகக் கர்ப்பப்பையை இழந்தவர் அவருடைய மனைவி. தன் வீட்டில் நடந்த பிறகுதான் புத்தி வந்தது என்று சொல்லாதீர்கள். பல பேருக்குத் தன் வீட்டில் நடந்தும் வருவதில்லை. தொடைப்பக்க ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குச் சோறுபோடும் குழாயைத் துகள்களால் அடைத்துவிடுவது இன்னொரு வழி. பாரிஸில் ழாக் ரவினாவின் குழு 1995-ல் இதைப் பற்றி எழுதியது. ஒலியலையைக் குவித்துக் கட்டியைச் சுடும் முறையும் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, கடைசி இலையில் கடைசிப் பதார்த்தமாக, கர்ப்பப்பையை எடுப்பது.

அது பாவம் என்று நான் சொல்லவில்லை. வயிறு முட்ட வளர்ந்த கட்டி, மருந்துக்கு அடங்காத உதிரம், 'போதும், எனக்கு இது வேண்டாம்' என்று எல்லாம் தெரிந்து சொல்கிற பெண். இவர்களுக்கு அந்த ஆபரேஷன் வரம். எடுத்த பிறகுதான் வாழ ஆரம்பித்தேன் என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். கடைசிப் பதார்த்தத்தை முதல் பந்தியிலேயே வாயில் திணிப்பதைத்தான் சொல்கிறேன்.

ஆடித் தள்ளுபடியும் உண்டு. ஒரு பை எடுத்தால் இரண்டு பை இலவசம். 'எப்படியும் வயித்தைத் திறந்தாச்சு' என்று இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்னால் சினைப்பையை எடுத்தால், மறுநாளிலிருந்து அவள் உடம்புக்கு ஐம்பது வயது. எலும்பு தேயும், இதயத்துக்குக் கேடு கூடும், ராத்திரி நெருப்பாய்க் கொதித்து வியர்க்கும். அதற்குத் தனி டாக்டர், தனி ஃபீஸ்.

எங்கள் அக்கா ஒருத்தியின் கதை என்றால் நான் இவ்வளவு கத்த வேண்டியதில்லை. 2008-ல் ஏழைகளுக்காக ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா என்ற காப்பீட்டைக் கொண்டுவந்தார்கள். குடும்பத்துக்கு வருஷம் 30,000 ரூபாய். ஏழையின் கையில் அட்டை வந்ததும் பீகாரிலும் சத்தீஸ்கரிலும் கிராமம் கிராமமாகக் கர்ப்பப்பைகள் திடீரென்று கெட்டுப்போயின. என்ன ஆச்சரியம், அட்டை வருகிறவரைக்கும் நன்றாக இருந்தவை! 2012-ல் ஊர் நாறியது. 2013-ல் ராஜஸ்தானைச் சேர்ந்த டாக்டர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். தீர்ப்பு 2023 ஏப்ரலில் வந்தது. பத்து வருஷம். வழக்குப் போட்ட அன்றைக்குக் கட்டியோடு இருந்த பெண்ணுக்கு, தீர்ப்பு வருவதற்குள் மாதவிடாய் நின்று, கட்டி தானாகவே சுருங்கியிருக்கும். நீதித் துறையையும் ஒரு சிகிச்சை முறையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக்குப் போங்கள். அங்கே கரும்பு வெட்டப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் போக வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு 'கொய்த்தா', அதாவது ஓர் அரிவாள். மேஸ்திரியின் கணக்கில் அவர்கள் மனிதர்கள் இல்லை, ஒரு முழு அரிவாள். பாதி அரிவாளுக்கு மாதவிடாய் வந்து ஒருநாள் படுத்தால் 500 ரூபாய் வரை அபராதம். அரிவாளுக்கு எதற்குக் கர்ப்பப்பை? 2019-ல் மாநில அரசு குழு போட்டு எண்ணிப் பார்த்தது. விசாரித்த 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. ஆறில் ஒருத்தி. நீங்கள் காலையில் காப்பியில் போட்டுக்கொண்ட சர்க்கரை எந்த ஊர்க் கரும்பு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதுதான் வசதி.

வடக்கே நடப்பது என்று நாம் நிமிர்ந்து உட்கார வேண்டாம். கர்ப்பப்பை எடுத்த பெண்களின் விகிதம் நாட்டிலேயே அதிகமாக இருப்பது பக்கத்து வீட்டில்: ஆந்திரத்தில் 15 முதல் 49 வயதுக்குள் ஏறக்குறைய 9 சதவீதம், தெலங்கானாவில் 8. இந்தியா முழுக்க 3. எடுத்தவற்றில் சுமார் 70 சதவீதம் தனியார் மருத்துவமனைகளில். காரணம் கேட்டால் பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னது 'உதிரம் அதிகம்', அடுத்தது 'கட்டி'. மாத்திரையில் அடங்கியிருக்கக் கூடிய எத்தனை உதிரம் கத்தியில் அடங்கியதோ!

நம்மூர்க் கணக்கும் இருக்கிறது. வயிற்றில் பிள்ளை இருந்தால் முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவியாக ஊட்டச்சத்துப் பெட்டியும் சேர்த்து 18,000 ரூபாய், வீடு தேடி வரும் நர்ஸ். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அதே வயிற்றில் கட்டி இருந்தால்? பிள்ளை குடியிருந்தால் அது கோயில், கருவறை, தெய்வம். பிள்ளை காலி செய்துவிட்டால் பாழடைந்த குடோன். அன்னையர் தினத்துக்கு ஸ்டேட்டஸ் போடுகிறவர்களே, உங்கள் அம்மா ஒரு மாதத்துக்கு எத்தனை நாப்கின் மாற்றினாள் என்று என்றைக்காவது தெரிந்துகொண்டீர்களா?

இதே கட்டி கல்யாணமாகாதவளுக்கு வந்தால் மருத்துவமே தலைகீழாகிவிடும். "கல்யாணம் பண்ணி வைங்க, ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்." அதாவது கட்டிக்கு மருந்து மாப்பிள்ளை. எந்த மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பார், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் திமிர் என்பார்கள். பிரசவம் ஃபைப்ராய்டுக்குச் சிகிச்சை இல்லை. குழியைக் கோணலாக்கும் கட்டி பிள்ளை தங்குவதையே கெடுக்கலாம். இன்னொரு பக்கம் வாட்ஸ்அப் வைத்தியர்கள்: கழற்சிக்காய்ப் பொடி, கற்றாழைச் சாறு, நாப்பத்தெட்டு நாளில் கட்டி கரையும், கூரியர் இலவசம். கரைந்தது பணம் மட்டும்தான் என்று எழுதியனுப்பினால் அந்த கமென்ட்டும் கரைந்துவிடுகிறது.

பெண்ணின் உடம்பு யாருடையது என்ற கேள்வியை ஒருமுறை உச்ச நீதிமன்றமே கேட்டது. டெல்லியில் 44 வயது, கல்யாணமாகாத பெண். விடாமல் உதிரம் போகிறதென்று போனவளை, உள்ளே என்ன என்று குழாய் விட்டுப் பார்க்க மயக்கம் கொடுத்தார்கள். அவள் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே வந்து அவள் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 1995-ல் நடந்தது. அந்த நொடியில் உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, வயது வந்த ஒருத்தியின் சம்மதத்தை அவள்தான் தர முடியும், அம்மாவோ வேறு யாருமோ தர முடியாது என்று 2008 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. எழுதி மாட்டிவைக்க வேண்டிய தீர்ப்பு. நஷ்டஈடு 25,000 ரூபாய். பட்டுப் பிரிவில் அதைவிட விலையுள்ள புடவைகளை அக்கா தினமும் பிரித்துக் காட்டுகிறாள். அந்தப் புடவைகளை உடுத்துகிறவள் வந்து தொட்டுப் பார்த்து, பிடித்தால்தான் பில் போடுவார்கள்.

2022-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. தேவையில்லாத கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு, மாநிலத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று. மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலமும் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 தீர்ப்பு கெடு வைத்தது. 40 வயதுக்குக் கீழே என்றால் இரண்டு டாக்டர்கள் சான்று தர வேண்டும் என்ற யோசனையும் அந்த வழக்கில்தான் வந்தது. உங்கள் மாவட்டத்துக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பாருங்கள். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். கோயம்பேட்டு மஞ்சப்பையின் விலைதான்.

போன மாதம் அக்கா ஒரு நெகிழிக் கவரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். லீவுச் சம்பளத்துக்குக் கடையில் கேட்கிறார்கள், இதில் எந்தப் பேப்பரைக் கொடுக்கணும்னு பார்த்துச் சொல்லு என்றாள். கடை ஏ.சி.யிலும் தனக்கு வியர்த்துக் கொட்டுவதாகவும், இடுப்பெலும்பு கழன்றுபோகிற மாதிரி வலிப்பதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்துப் படித்தேன். கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். அவளுக்கு அது தெரியாது. நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்கும் சேத்துத்தான் கையெழுத்து வாங்கினாங்களா?" என்று கேட்டாள்.

ஆபரேஷன் தேதி 2024 ஆகஸ்ட். வயது 38. எழுதிக்கொடுத்த டாக்டர் ஒருவர். அறுத்தவரும் அவரே. சம்மதக் கையெழுத்து: கணவர்.